கப்பல்ல டிப்ஸ் குடுக்கேக்க எங்கட ஆக்கள் விடுற பிழையள்

"எல்லாம் சேத்துத்தானே காசு கட்டினது, பேந்து ஏன் கடைசி நாள் பில்லில டிப்ஸ் எண்டு இவ்வளவு விழுந்து கிடக்கு?" இந்தக் கேள்வி இப்ப திருகோணமலையில அடிக்கடி கேக்குது. டொரொன்டோவிலயும் லண்டனிலயும் இருக்கிற பிள்ளையள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு ஒரு கிழமைக்குக் கப்பல்ல ஏத்தி விடுறது வழமையாப் போச்சு, அதோட 2023ல எம்பிரஸ் கப்பல் சென்னையில இருந்து வெளிக்கிட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை எண்டு வரத் தொடங்கினாப் பிறகு உல்லாசக் கப்பல் எண்டா வெள்ளைக்காரற்ற விசயம் எண்ட நினைப்பும் விட்டுப் போட்டுது. ஆனா டிப்ஸ் விசயத்தில மட்டும் எங்கட ஆக்கள் ஒண்டில் குடுக்கத் தேவையில்லாத இடத்தில அள்ளிக் குடுக்கினம், இல்லாட்டி குடுக்க வேண்டிய இடத்தில கையை மடக்கிக் கொண்டு வருகினம். ரெண்டுக்கும் காரணம் ஒண்டுதான், டிக்கெட்டில என்ன எழுதிக் கிடக்கு எண்டு ஒருத்தரும் வாசிக்கிறேல்ல.

முதல்ல அந்த 'ஆல் இன்க்ளூசிவ்', அதாவது 'எல்லாம் உள்ள' எண்ட சொல்லை நம்புற பிழை. அது ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு மாதிரி. ரீஜென்ட் செவன் சீஸ், சில்வர்சீ, சீபோர்ன், எக்ஸ்ப்ளோரா, ரிட்ஸ் கார்ல்டன்ர யொட் கப்பல்கள் எண்டு ஒரு ஆடம்பர வகை இருக்கு, அதுகளில கப்பலுக்குள்ள குடுக்கிற டிப்ஸ் டிக்கெட் விலையிலயே ஏறிக் கிடக்கும், ஒருத்தரும் உங்களிட்ட எதிர்பாக்க மாட்டினம். இன்னொரு வகையில சாப்பாடு, குடிவகை, வைஃபை எல்லாம் சேத்து 'எல்லாம் உள்ள' எண்டு விளம்பரம் வரும், ஆனா டிப்ஸ் மட்டும் நாளுக்கு ஆளுக்கு இவ்வளவு எண்டு தனியா. இதைவிட மோசம், 'குடிவகை பக்கேஜ் இலவசம்' எண்டு சொல்லிப்போட்டு அந்த பக்கேஜ்ஜின்ர முழு விலைக்கும் 20% சேவிஸ் சார்ஜ் எண்டு போடுறது. சாமான் இலவசம், அதுக்கு டிப்ஸ் மட்டும் காசுக்கு, நல்ல கதைதானே.

எவ்வளவு வரும் எண்டு ஒருக்காக் கணக்குப் பாருங்கோ. ரோயல் கரிபியன் 2023 நவம்பரில சாதாரண அறைக்கு ஆளுக்கு நாளுக்கு 18 டொலர் ஆக்கினது. அந்தக் கணக்கில ரெண்டு பேர் ஏழு இரவு போனா 252 டொலர். நாலு பேர் குடும்பம் எண்டா 504, சின்னப் பிள்ளைக்கும் அதே கணக்குத்தான். இது ஆடம்பரக் கப்பல் இல்ல, சாதாரணமா எல்லாரும் போற கப்பல், ஆனா எங்கட ஆக்கள் முதல்ல ஏறுறது இப்பிடியான கப்பல்லதான், அங்க பழகினதைத்தான் பிறகு ஆடம்பரக் கப்பலுக்கும் கொண்டு போகினம். பிரிட்டனில பி அண்ட் ஓ கம்பனி 2019ல இந்தத் தனிக் காசை எடுத்துப்போட்டு விலைக்குள்ளயே சேத்திட்டுது. ஒரே கப்பல்ல லண்டன்ல புக் பண்ணினவருக்கு டிப்ஸ் உள்ள, வேற நாட்டில புக் பண்ணினவருக்கு வெளிய எண்டும் வரும், அதால லண்டன் மச்சான் சொன்னதை டொரொன்டோ டிக்கெட்டுக்குப் பொருத்திப் பாக்காதேங்கோ. புக் பண்ணின ஏஜென்டுக்கு ஒரு வட்ஸ்அப் போட்டு 'டிப்ஸ் உள்ளயா வெளியயா, பார் பில்லுக்கும் ஸ்பாவுக்கும் எப்பிடி' எண்டு கேட்டு, வந்த பதிலை அழிக்காம வச்சிருங்கோ.

அடுத்த பிழைதான் எனக்குக் கூடக் கோவம் வாறது. தனியாப் போட்ட அந்த டிப்ஸ் காசை ரிசெப்ஷனில போய் எடுத்துவிடச் சொல்லுறது. எடுக்கலாம்தான், பல கம்பனி விடும். "நான் எனக்கு வேலை செய்த பெடியனுக்கு நேர கையில குடுப்பன், கம்பனிக்கு ஏன் குடுக்கோணும்" எண்டு நியாயம் வேற சொல்லுவினம். நிலாவெளியிலயோ உப்புவெளியிலயோ ஹொட்டேல்ல வேலை செய்த ஆக்களிட்ட இதைக் கேட்டா அவை சொல்லுவினம், பில்லில விழுற 10% சேவிஸ் சார்ஜ் மேசைக்குச் சாப்பாடு கொண்டு வாறவருக்கு மட்டுமில்ல, கிச்சினுக்கும், சலவைக்கும், பாத்திரம் கழுவுறவைக்கும் பிரிஞ்சு போறது, சம்பளத்தை விட அதை நம்பித்தான் கனபேர் குடும்பம் நடத்துகினம். கப்பல்லயும் அதே முறைதான். நீங்கள் காணாத இடத்தில, தண்ணி மட்டத்துக்குக் கீழ இருக்கிற தட்டில நிண்டு உங்கட பெட்சீட் தோய்க்கிறவருக்கும் அதிலதான் பங்கு. நீங்கள் அதை வெட்டிப்போட்டு ரூம் பெடியன்ர கையில 50 டொலர் வச்சா, சில கம்பனியில அவன் அதையும் கொண்டு போய்ப் பொதுப் பணத்தில போடோணும், ஏனெண்டா ஆர் ஆர் டிப்ஸை வெட்டினவை எண்டு அவையின்ர லிஸ்டில கிடக்கும். அப்ப லாபம் ஆருக்கு?

இந்த ஆக்கள் ஆறு தொடக்கம் ஒன்பது மாதக் கொந்தராத்தில கிழமைக்கு ஏழு நாளும் வேலை செய்யிறவை. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் சட்டம், 2006ல வந்தது, என்ன சொல்லுதெண்டா 24 மணித்தியாலத்தில குறைஞ்சது 10 மணித்தியாலம் ஓய்வு குடுக்கோணும், ஏழு நாளில 77 மணித்தியாலம். அதைத் திருப்பிப் பாத்தா விளங்கும் எவ்வளவு நேரம் வேலை வாங்கலாம் எண்டு. அதால சேவிஸ் உண்மையிலயே மோசமெண்டா அண்டைக்கே முறையிடுங்கோ, முழு டிப்ஸையும் வெட்டிறது அதுக்கு வழி இல்ல.

இனி மற்றப் பக்கம். டிப்ஸ் எல்லாம் சேத்த ஆடம்பரக் கப்பல்ல ஏறிப்போட்டு, பயத்தில காண்கிற ஆளுக்கெல்லாம் காசு நீட்டுறது. பெட்டி தூக்கினவருக்கு அஞ்சு, கோப்பி கொண்டந்தவருக்கு ரெண்டு, கதவு திறந்தவருக்கு ஒண்டு. குடுத்தா நல்லா கவனிப்பாங்கள், குடுக்காட்டி ஒரு மாதிரிப் பாப்பாங்கள் எண்ட எண்ணம், அது எங்கட கந்தோருகளில 'சந்தோசம்' குடுத்துப் பழகின பழக்கம். அங்க அப்பிடி இல்ல. சீபோர்ன் மாதிரிக் கம்பனியள் டிப்ஸ் தேவையுமில்ல, எதிர்பாக்கிறதுமில்ல எண்டு வெளிப்படையாவே சொல்லுதுகள். சில்வர்சீயில எல்லா அறைக்கும் பட்லர் எண்டு ஒரு பணியாள் இருப்பார், எங்கட அம்மாமாருக்கு அவரைக் கண்டாலே கூச்சம், இவருக்கு ஏதும் குடுக்காம எப்பிடிச் சூட்கேஸ் அடுக்க விடுறது எண்டு. விடுங்கோ, அது அவற்ற வேலை, காசு கட்டியாச்சு. ஒருத்தர் உங்களுக்காக உண்மையிலயே மினக்கெட்டிருந்தா, உதாரணத்துக்கு அப்பாவுக்கு நீரிழிவு எண்டு சொல்லாமலே பாத்துப் பாத்துச் சாப்பாடு மாத்திக் குடுத்திருந்தா, கடைசி இரவு ஒரு கவருக்குள்ள 20, 30 டொலர் வச்சு, அவற்ற பேரை எழுதி, நேர கையில குடுங்கோ. அது என்ர கணக்கு, கட்டாயமில்ல. கவரை மேசையில வச்சிட்டு வந்தா அவர் எடுக்கலாமோ எடுக்கக் கூடாதோ எண்டு முழிப்பார். பொதுவா எல்லாருக்கும் ஏதும் செய்ய விருப்பமெண்டா சில ஆடம்பரக் கப்பல்கள்ல ஊழியர் நல நிதி எண்டு ஒண்டு இருக்கும், ரிசெப்ஷனில சொன்னா உங்கட பில்லில சேப்பினம்.

கப்டனுக்கும், அதிகாரிமாருக்கும், டொக்டருக்கும் காசு நீட்டாதேங்கோ, தயவு செய்து. அது மரியாதை இல்ல, அவைக்குச் சங்கடம்.

காசுக்குப் பதிலா முறுக்கும் பயித்தம் உருண்டையும் கட்டிக் கொண்டு போறதும் ஒண்டு நடக்குது. வீட்டில செய்த சாப்பாட்டைக் கப்பலுக்குள்ள கொண்டு போகப் பெரும்பாலான கம்பனி விடாது, வாசலிலயே எடுத்துக் குப்பையில போடுவாங்கள், அம்மா ரெண்டு நாள் கிடந்து சுட்டது. அதைவிடக் காசு செலவில்லாம செய்யக்கூடின நல்ல காரியம், கடைசியில வாற கருத்துப் படிவத்தில அந்த ஆளின்ர பேர், என்ன வேலை, என்ன செய்தவர் எண்டு ஒழுங்கா எழுதிறது. பதவி உயர்வுக்கும் அடுத்த கொந்தராத்துக்கும் அது உதவும். "அந்தச் சிரிச்ச முகத் தம்பி நல்ல பிள்ளை" எண்டு எழுதினா ஒருத்தருக்கும் விளங்காது, சட்டையில குத்தியிருக்கிற பேரைப் பாத்து எழுதுங்கோ.

பார் சீட்டு வந்தா கையெழுத்து வைக்க முதல் பாருங்கோ. டிப்ஸ் தனியான கப்பல்ல அதில 18 இல்லாட்டி 20% ஏற்கெனவே ஏறியிருக்கும், அதுக்குக் கீழ 'மேலதிக டிப்ஸ்' எண்டு வெறுங்கோடு ஒண்டு கிடக்கும், அதை நிரப்போணும் எண்டு நினைச்சு ரெண்டாம் தரமும் குடுக்கிறவை இருக்கினம். ஸ்பா வேற கதை, கனக்கக் கப்பல்ல அதை வெளிக் கம்பனிதான் நடத்திறது, ஆடம்பரக் கப்பலெண்டாலும் அங்க சேவிஸ் சார்ஜ் தனியா விழலாம், படுக்க முதல் கேளுங்கோ. அமெரிக்கத் துறைமுகத்தில ஏறேக்க வெளியில நிண்டு பெட்டி வாங்கிறவை கப்பல் ஆக்கள் இல்ல, துறைமுகத் தொழிலாளியள், அவைக்குப் பெட்டிக்கு ஒண்டு ரெண்டு டொலர் குடுக்கிறது அங்கத்த வழக்கம்.

நான் கூடச் சொல்ல வேண்டினது கரையில இறங்கினாப் பிறகு நடக்கிறதைத்தான். கப்பல் ஏணியைத் தாண்டினவுடன உங்கட 'எல்லாம் உள்ள' முடிஞ்சுது. டூர் பஸ்ஸுக்குக் கம்பனி காசு கட்டியிருக்கலாம், ஆனா கைட்டுக்கும் டிரைவருக்கும் டிப்ஸ் அதில சேராது. இதை எங்கட ஊரிலயே காணலாம். அஷ்ரப் இறங்குதுறையில கப்பல் வந்து கட்டின நாள், ஓட்டோக்காரர் ஆக்களை ஏத்திக் கொண்டு கோணேசர் கோயில், கோட்டை மான், கன்னியா வெந்நீர்க் கிணறு, நிலாவெளி எண்டு வெயிலுக்குள்ள அரை நாள் சுத்திக் காட்டிப்போட்டுத் திருப்பிக் கொண்டு வந்து இறக்கினா, கனபேர் கும்பிட்டு 'தேங்க்யூ' சொல்லிப்போட்டு ஏறிப் போகினம். கெட்ட எண்ணம் இல்ல, எல்லாம் கட்டியாச்சு எண்டு நினைக்கினம். இன்னும் சிலர் காற்சட்டைப் பொக்கற்றில கிடக்கிற யூரோச் சில்லறையை வழிச்சுக் குடுப்பினம். அந்தச் சில்லறையை வச்சு ஓட்டோக்காரர் என்ன செய்யிறது? வங்கியிலயும் மாத்த மாட்டினம், காசு மாத்திற கடையிலயும் எடுக்க மாட்டினம், நோட்டு மட்டும்தான், அதுவும் கிழியாத, பேனையால கிறுக்காத நோட்டு. வீட்டில போத்தலுக்குள்ள போட்டு வச்சிருந்து, ஆரும் வெளிநாட்டில இருந்து வந்தா 'இதைக் கொண்டு போய்ச் செலவழிச்சிட்டு ரூபா தாங்கோ' எண்டு கேக்கிற ஆக்கள் இங்க இருக்கினம்.

அதால எந்த ஊரில இறங்கினாலும் அந்த ஊர்க் காசில சின்ன நோட்டு கொஞ்சம் வச்சிருங்கோ. இலங்கையெண்டா ஆயிரம், ஐநூறு, நூறு. அரை நாள் டூருக்குக் கைட்டுக்கு ஆளுக்கு ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூபா, டிரைவருக்கு அதில பாதி குடுத்தா ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம், டொலர்ல பாத்தா அது அஞ்சுக்குக் கிட்டத்தான் வரும். கோயிலடியில செருப்புப் பாக்கிறவருக்கு நூறு. புறாமலைக்குப் போற போட்டில, தண்ணிக்குள்ள குதிச்சு உங்களைப் பிடிச்சு இறக்கிற பெடியனை மறந்திடாதேங்கோ, போட் காசு முதலாளிக்குத்தான் போறது. ஜப்பான் பக்கம் போனா மாத்திரம் இதெல்லாத்தையும் மறந்திடுங்கோ, அங்க டிப்ஸ் குடுக்கிற வழக்கமே இல்ல, மேசையில விட்டிட்டு வந்த காசைத் தூக்கிக் கொண்டு உங்களுக்குப் பின்னால ஓடி வருவினம்.