பச்சிளங்குழந்தையின் காது பரிசோதனை: கைதட்டிப் பார்த்தால் போதாது

தொட்டில் பக்கத்தில் கைதட்டியோ தட்டைத் தட்டியோ பார்ப்பதுதான் பல வீடுகளில் காது சோதனை. குழந்தை திடுக்கிட்டால் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அது கை வீசிய காற்றுக்கோ நிழலுக்கோ கூடத் திடுக்கிட்டிருக்கலாம். பலத்த சத்தம் கேட்கும் குழந்தைக்குப் பேச்சு கேட்காமல் இருக்கலாம். ஒரு காதில் மட்டும் குறை என்றால் இதில் பிடிபடவே பிடிபடாது. "ங்கா என்கிறதே" என்பதும் ஆதாரமில்லை. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் அப்படி ஒலி எழுப்பும்.

மருத்துவமனையில் முதலில் செய்வது பெரும்பாலும் ஓ.ஏ.ஈ. சோதனை. காதுக்குள் சின்ன முனையை வைத்து மெல்லிய ஒலி அனுப்புவார்கள். உட்காது நன்றாக இருந்தால் பதிலுக்கு ஓர் எதிரொலி வரும். அதைக் கருவி பதிந்துகொள்ளும். வலி கிடையாது, சில நிமிட வேலை.

முடிவுத் தாளில் 'ரெஃபர்' (மறுபடி சோதிக்க வேண்டும்) என்று வந்தால் காது கேட்காது என்று அர்த்தமில்லை. பிறந்த முதல் நாளில் காதுக்குள் பனிக்குட நீரும் வெண்மாவும் (குழந்தை பிறக்கும்போது தோலில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பூச்சு) தங்கியிருந்தாலே அப்படி வரும். குளிப்பாட்டி எண்ணெய் விட்ட காதிலும் வரலாம். (காதில் எண்ணெய் விடவே வேண்டாம், அது தனிக் கதை.) இதற்குப் பயந்து அழுவதைவிடப் பெரிய தவறு, "அழுக்குதான் காரணமாம்" என்று மறுசோதனைக்குப் போகாமல் விடுவது. ஒரு மாதத்துக்குள் முதற்கட்டச் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உறுதி, ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியோ பயிற்சியோ தொடக்கம் என்பதே பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு. "அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று இரண்டு வயது வரை காத்திருந்தால் மொழி பதியும் காலம் கைநழுவும்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைக்கும், ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை வந்த குழந்தைக்கும் ஓ.ஏ.ஈ. மட்டும் போதாது. உட்காது சரியாக இருந்தும் காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையில் கோளாறு இருக்கலாம். அதைக் காட்டுவது பெரா (BERA) சோதனை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கும், குடும்பத்தில் யாருக்காவது பிறவிச் செவித்திறன் குறை இருக்கும் குழந்தைகளுக்கும், 'பாஸ்' வந்த பிறகும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டும்.

பெராவுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். பஸ்ஸிலேயே தூங்கவிட்டால் அங்கே போய் விழித்துக்கொள்ளும். வழியில் விளையாட்டுக் காட்டி, பாலை அங்கே போய்க் கொடுங்கள்.