2 கேபி கல்யாணப் பத்திரிகை: ஐகான், ஷார்ட்கட்டில் கை வைப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

மும்பை தாராவியில் தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கோயில் கொடை நோட்டீஸ், இவைதான் தொழில். ஆனால் தெருவில் யார் வீட்டு கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வருகிறது. நான் ரிப்பேர்காரன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன், கேட்பாரில்லை. வருவதில் பாதி மெஷின் கோளாறே கிடையாது. டெஸ்க்டாப்பைக் கொஞ்சம் அழகு பண்ணலாம் என்று கை வைத்ததால் வந்த வினை.

தை மாதம் ஒரு தம்பி பென் டிரைவோடு வந்தான். அக்காவுக்குக் கல்யாணம். "டிசைன் நானே பண்ணிட்டேன் அண்ணாச்சி, பிரிண்ட் எடுத்தா போதும்." செருகிப் பார்த்தால் பதினோரு ஃபைல், ஒவ்வொன்றும் 2 கேபி. பிள்ளையார் படம் ஒன்றே அதில் அடங்காதே! டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டுகளை அப்படியே காப்பி செய்து வந்திருக்கிறான். கல்யாணப் பத்திரிகை கல்யாண் என்ற ஊரில், அவன் வீட்டு கம்ப்யூட்டரில், பத்திரமாக இருந்தது. சயான் ஸ்டேஷனுக்கு ஓடினான்.

ஷார்ட்கட் என்பது முகவரி எழுதிய சீட்டு. அதன் இடது கீழ் மூலையில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதைப் பார்க்காமல் யாருக்கும் எதையும் அனுப்பாதீர்கள். இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: "அதான் டெஸ்க்டாப்பில் இருக்கே" என்று டி டிரைவில் உள்ள அசல் ஃபோல்டரை அழித்துவிடுவார்கள். சீட்டை அழித்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. வீட்டை இடித்தால் சீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சந்தேகம் வந்தால் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள், அசல் இருக்கும் இடத்துக்கே கூட்டிப் போகும்.

அந்த அம்புக்குறி அசிங்கமாக இருக்கிறது என்பவர்கள் உண்டு. விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் 'இஸ்ஷார்ட்கட்' என்ற வரியை அழித்தால் அது போய்விடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அம்பு போகும், நிஜம்தான். ஆனால் விண்டோஸ் 10 முதல் டாஸ்க்பாரில் பின் செய்தவை, விண்டோஸ் பட்டனோடு எக்ஸ் அழுத்தினால் வரும் மெனு எல்லாம் சேர்ந்து படுத்துக்கொள்ளும். ஷார்ட்கட்டை ஷார்ட்கட் என்று கண்டுகொள்ள விண்டோஸ் பார்ப்பதே அந்த வரியைத்தான். என்னைக் கேட்டால், அம்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐகான் மாற்றுவதில் பெரிய ஆபத்து இல்லை, சில்லறைத் தவறுகள்தான். படத்தை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே வைத்து ஐகானாகப் போடுவார்கள். ஒரு மாதம் கழித்து டவுன்லோட்ஸைச் சுத்தம் செய்வார்கள். ஐகான் காணாமல் போனதும் "வைரஸ் வந்துடுச்சு" என்று ஓடி வருவார்கள். ஐகான்களுக்கென்று தனி ஃபோல்டர் போட்டு அதை அசைக்காமல் வைத்தால் போதும். சாதாரண பி.என்.ஜி. படத்தின் பெயரை மட்டும் ஐகான் ஃபைலுக்குரிய ஐ.சி.ஓ. என்று மாற்றினால் அது ஐகான் ஆகிவிடாது. ஐ.சி.ஓ. ஃபைலுக்குள் 16, 32, 48, 256 பிக்சல் என்று ஒரே படம் பல அளவில் இருக்கும். கிம்ப் போன்ற புரோகிராமில் எக்ஸ்போர்ட் செய்துதான் அதை எடுக்க வேண்டும். அப்புறம், ஐகான் தொகுப்பு என்ற பெயரில் டாட் இ.எக்ஸ்.இ. ஃபைல் இறங்கினால் திறக்காமலே அழித்துவிடுங்கள். படம் தருகிறவன் எதற்கு புரோகிராம் தருகிறான்?

இ.எக்ஸ்.இ. ஃபைல் தன் ஐகானைத் தானே கொண்டுவரும். பி.டி.எஃப். ஐகான் போட்டுக்கொண்டு 'பில் டாட் பி.டி.எஃப். டாட் இ.எக்ஸ்.இ.' என்ற பெயரில் வந்தால், கடைசியில் உள்ள வாலை, அதாவது ஃபைலின் வகையைச் சொல்லும் எக்ஸ்டென்ஷனை, விண்டோஸ் மறைத்துவிடுவதால் நம் கண்ணுக்கு வெறும் பி.டி.எஃப்.தான் தெரியும். 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிய ஐ லவ் யூ வைரஸ் இப்படித்தான் பரவியது. டி.எக்ஸ்.டி. என்று முடிவதுபோல் தெரிந்த காதல் கடிதத்துக்குப் பின்னால் வி.பி.எஸ். என்ற புரோகிராம் வால் ஒளிந்திருந்தது. கால் நூற்றாண்டு ஆகியும் எக்ஸ்டென்ஷனை மறைக்கும் வழக்கம் மாறவில்லை. விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று போய் டிக் செய்யுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். வால் தெரிகிறதே என்று பெயர் மாற்றும்போது அதையும் சேர்த்து அழிக்காமல் இருந்தால் சரி.

கல்யாணுக்குப் போன தம்பி சாயங்காலம் அசலோடு திரும்பினான். அவன் செய்தது டிசைன் புரோகிராமான கோரல்டிராவின் புதுப் பதிப்பில், என் கடையில் இருப்பது பழசு. பழைய பதிப்பு புதிய பதிப்பின் ஃபைலைத் திறக்காது. நான் டீ சொல்லப் போன நேரத்தில் அவனே 'ஓப்பன் வித்' கொடுத்து, ஃபோட்டோ பார்க்கும் புரோகிராமைத் தேர்ந்தெடுத்து, 'ஆல்வேஸ்' பட்டனையும் அழுத்திவிட்டான். அவன் பத்திரிகையும் திறக்கவில்லை, அதற்குமேல் என் கடையின் எல்லா சி.டி.ஆர். ஃபைலும், அதாவது கோரல்டிரா ஃபைலும், ஃபோட்டோ ஐகானோடு நின்றன. என் கடையின் ஐந்து வருட உழைப்பு போச்சு என்று அவன் முகம் வெளிறியது. உண்மையில் ஒரு ஃபைலுக்குள்ளும் எதுவும் மாறவில்லை. ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 'ஓப்பன்ஸ் வித்' பக்கத்தில் உள்ள 'சேஞ்ச்', அதில் கோரலைக் காட்டினேன், எல்லாம் பழையபடி வந்தன. சோதித்துப் பார்ப்பதாக இருந்தால் 'ஜஸ்ட் ஒன்ஸ்' அழுத்துங்கள். பதிப்புச் சிக்கலுக்கு மருந்து வேறு: சேவ் செய்யும்போதே பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். தம்பி மறுபடி சயான் ஸ்டேஷன்.

சில பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் புரோகிராம் திறக்கும் ஷார்ட்கட் கீயிலும் ஒரு வம்பு உண்டு. மாட்டுங்காவில் கடைகளுக்குக் கணக்கு எழுதும் மாமா ஒருவர், கால்குலேட்டருக்கு கண்ட்ரோல், ஆல்ட், 4 என்று வைத்திருந்தார். பில்லில் ₹ போடப் போனால் கால்குலேட்டர் குதித்து வருகிறது. இங்கிலீஷ் இந்தியா கீபோர்டில் வலது ஆல்ட்டோடு 4 அழுத்தினால்தான் ₹ வரும். வலது ஆல்ட்டை விண்டோஸ் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தக் குறியீட்டை வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர், இதே ஊரில் பவாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2010 ஜூலையில் மத்திய அரசு அதை ஏற்றது. "நம்மவா போட்டுக் குடுத்ததை நானே பூட்டி வெச்சுட்டேனே" என்றார் மாமா. 4ஐ எடுத்துவிட்டு கே வைத்துக் கொடுத்தேன்.

அவருக்குக் கை நடுக்கம் உண்டு, டபுள் கிளிக் சரியாக விழாது. யாரோ ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் சிங்கிள் கிளிக் வைத்துவிட்டார்கள். அதில் மவுஸை ஐகான் மேல் நிறுத்தினாலே செலக்ட் ஆகிவிடும், கை பட்டால் திறந்துவிடும். ஒரு ஃபைலைத் தேடப் போய் ஐந்தாறு திறந்து கிடக்கும். பெரியவர்களுக்கு இதை வைப்பதற்கு முன் மவுஸ் செட்டிங்கில் டபுள் கிளிக் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். மாமாவுக்கு அதுவும் முழுசாகக் கைகொடுக்கவில்லை. ஒரு முறை கிளிக் செய்து எண்டர் தட்டுங்கள் என்று காட்டினேன். "இதை முன்னாடியே சொல்றதுக்கென்னடா" என்றார்.