செக்மெத்தை கேம் பாஸாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்க முகம், தலைமேல் சூரிய வட்டு, அடங்காத கொலைவெறி. எகிப்தியத் தெய்வம் செக்மெத்தை கேமுக்குள் பாஸாக, அதாவது கட்டத்தின் முடிவில் நிற்கும் பெரிய எதிரியாகக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஹெல்த் பாரை (உயிரளவுக் கோட்டை) காலி செய்தால் விழுவாள், பெட்டி திறக்கும், வாள் கிடைக்கும். முதல் தவறே இதுதான். அவளை அடித்து வீழ்த்தியதாக மூலக்கதையில் எங்குமே இல்லை.

அந்தக் கதை 'விண்பசு நூல்' எனப்படும் பிரதியில் வருகிறது. எகிப்திய மன்னர்கள் தூதன்காமுனின் பொன் வேய்ந்த பேழையிலும், முதலாம் செட்டியின் கல்லறைச் சுவரிலும் அதைப் பொறித்திருக்கிறார்கள். கிழடாகிவிட்ட சூரியக் கடவுள் ராவுக்கு எதிராக மனிதர்கள் சதி செய்ய, அவர் தன் கண்ணை ஹாதோர் என்னும் தெய்வத்தின் வடிவில் ஏவுகிறார். அவள் கொன்று குவிக்கிறாள். செக்மெத் உருவானது அப்படித்தான் என்கிறது பிரதி. மிச்சமிருப்பவர்களையாவது காப்பாற்ற நினைக்கும் ரா, தெற்கே எலிஃபன்டைனிலிருந்து சிவப்புக் கனிமத்தை வரவழைக்கிறார். அது ஹீலியோபோலிஸ் நகரில் அரைபடுகிறது. பணிப்பெண்கள் பார்லியை இடித்து பீர் காய்ச்சுகிறார்கள். மொத்தம் 7,000 ஜாடி. விடிவதற்குள் வயல்களில் கொட்டியாக வேண்டும். ரத்தம் என்று நினைத்துக் குடித்தவள் போதையில் மனிதர்களை அடையாளம் தெரியாமல் திரும்பிப் போய்விடுகிறாள்.

கனிமம், அரைப்பு, காய்ச்சல், விடியலுக்குள் கொட்டுதல் என்று குவெஸ்ட் வரிசை தானாகவே அமைந்துவிடுகிறது. டைமரும் கூடவே வருகிறது. கடைசிக் கட்டத்தில் டேமேஜே வேண்டாம். அவள் குடித்ததும் அக்ரோ பட்டியலை (யாரைத் தாக்குவது என்று எதிரி வைத்திருக்கும் பட்டியலை) முழுசாக அழித்துவிடுங்கள்: எதிரே நிற்கும் பிளேயரை அவள் பார்க்கிறாள், ஆனால் அவர் இனி அவளுக்கு இலக்கு இல்லை. ஹெல்த் பார் பாதியில் இருக்கும்போதே இது நடக்கட்டும். பிளேயர் ஒரு நொடி குழம்புவார், குழம்பத்தான் வேண்டும்.

இதே காட்சியில் லெவல் ஆர்டிஸ்ட்கள் சிவப்பு ஏரி ஒன்றைக் கட்டிவிடுவதும் உண்டு. பிரதி சொல்லும் ஆழம் மூன்று உள்ளங்கை அகலம். எகிப்திய அளவில் ஓர் உள்ளங்கை சுமார் 7.5 செ.மீ., ஆக மொத்தம் 22 செ.மீ. சொச்சம். முழங்காலுக்குக் கீழேதான் நிற்கும். நீச்சல் அனிமேஷன் தேவையில்லை, நடை வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். பீருக்குப் பதில் மாதுளைச் சாறு ஊற்றும் பதிப்புகளும் உலவுகின்றன. நிறம் வந்தது கனிமத்திலிருந்து.

ஹாதோரையும் செக்மெத்தையும் சம்பந்தமே இல்லாத இரண்டு பேராக வைப்பது அடுத்த சறுக்கல். 2002-இல் வந்த ஏஜ் ஆஃப் மித்தாலஜி கேமில் ராவைத் தேர்ந்தெடுத்தால், ஹீரோயிக் ஏஜ் என்னும் கட்டத்தில் இந்த இருவரில் ஒருவரைத்தான் எடுக்க முடியும். ஸ்ட்ராட்டஜி கேமுக்கு அது சரி. கதை சொல்லும் கேமில் அப்படிப் பிரித்தால், ஒருத்தி இன்னொருத்தியாக மாறும் இடமே காணாமல் போகும்.

நோயை ஏவுபவளும் செக்மெத்தே, அதை விலக்குபவளும் அவளே. கி.மு. 1550 வாக்கில் எழுதிய எபெர்ஸ் பாப்பிரஸ் என்னும் மருத்துவச் சுவடி, நாடி பார்ப்பவர்களில் மருத்துவருக்கு அடுத்து செக்மெத்தின் பூசாரியைச் சொல்கிறது. அவளுடைய பூசாரிகளை வெறும் ரத்தபலிக் கும்பலாகக் காட்டினால் ஹீலர் கிளாஸ் (குணப்படுத்தும் பாத்திர வகை) ஒன்று கைநழுவுகிறது. அவளுக்கு ஏழு அம்புகள் உண்டு. ஏழு டீபஃப்களாக (பிளேயரைப் பலவீனப்படுத்தும் விளைவுகளாக) வையுங்கள். ஆண்டு முடிவில் 360 நாளுக்கு மேல் வரும் 5 உபரி நாட்கள்தான் ஆபத்தான காலம், அதனால் சீசன் ஈவென்ட்டுக்கு நாள் தேட வேண்டியதில்லை. அந்த நாட்களில் மந்திரம் ஓதி, 12 முடிச்சுப் போட்ட லினன் துணியைக் கழுத்தில் கட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. எந்த ஃபேன்டஸி கேமிலும் கிடைக்கும் பச்சை ரத்தினத் தாயத்தைவிட இது எவ்வளவோ மேல்.

பூனைத் தெய்வம் பாஸ்தெத்தைத் துணைக்கு வைப்பவர்கள் காலத்தைப் பார்க்க வேண்டும். கி.மு. 2500-ஐ ஒட்டிய பிரமிடு காலத்தில் அவளுக்கும் சிங்க முகம்தான்; பூனை முகம் வெகு பிற்பாடு வந்தது. செக்மெத்தின் கருங்கல் சிலைகளை நூற்றுக்கணக்கில் செய்வித்தவர் மூன்றாம் அமென்ஹோதெப், கி.மு. 14-ஆம் நூற்றாண்டு. கிளியோபாட்ரா கால கேமில் அவை 1,300 வயதைத் தாண்டிய பழஞ்சிலைகள். பளபளக்கும் டெக்ஸ்சர் கூடாது.

உருவத்தில், ஆண் சிங்கத்தின் பிடரி வேண்டாம். அவள் பெண் சிங்கம். சிலைகளில் முகத்தைச் சுற்றி மெல்லிய ரோமச் சுற்று, அதற்குப் பின்னால் நீண்ட மூன்று பிரிவு விக். நெமெஸ் என்னும் பட்டைத் தலைத்துணி மன்னருக்குரியது. கையில் பாப்பிரஸ் தண்டுக் கோலும் ஆங்கும் (மேலே வளையமுள்ள சிலுவை போன்ற உயிர்க் குறி) கொடுங்கள், வளைந்த கொபெஷ் வாளை அல்ல.

எகிப்தியப் பட எழுத்து விஷயத்தில் கலர் ஸ்கீமைவிட அதிகமாகக் கோட்டை விடுகிறார்கள். டூரிஸ்ட்களுக்கான A-Z அட்டவணையை வைத்து அவள் பெயரை எழுத்துக்கு எழுத்து மாற்றாதீர்கள். எகிப்தியர் உயிரெழுத்துகளை எழுதுவதில்லை. செகெம் என்ற செங்கோல் குறி, பெண்பால் விகுதிக்கு ரொட்டி வடிவக் குறி, கடைசியில் அமர்ந்த தெய்வம். 2009 முதலே இவை யூனிகோடில் இருக்கின்றன. மனித, விலங்குக் குறிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ, அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். கவசத்துக்கு மிரர் செய்த யூவி (டெக்ஸ்சரின் ஒரு பாதியையே இருபுறமும் ஒட்டும் வரைபடம்) போட்டால் நடுக்கோட்டில் விழும் குறி பாதியாக வெட்டுப்பட்டு வண்ணத்துப்பூச்சி மாதிரி நிற்கும். எழுத்து வரும் பகுதிக்கு மட்டும் மிரர் இல்லாத தனி யூவி ஐலண்ட் (தனித் துண்டு) ஒதுக்கிவிட்டு டெக்ஸ்சரை பேக் (bake) செய்யுங்கள்.