பிளஸ் டூ முடிச்சாச்சு, காலேஜ் சேரணுமா வேண்டாமா, எப்படி முடிவு பண்றது?

ரிசல்ட் வந்த அன்னிக்கு சில வீட்ல "எந்த காலேஜ்"னு மட்டும்தான் பேச்சு, வேற சில வீட்ல "படிச்சது போதும், நாளைல இருந்து மில்லு வேன்ல ஏறு"ன்னு முடிச்சுடுவாங்க. ரெண்டுலயும் படிக்கப்போற புள்ளைய யாரும் உக்கார வெச்சு கேக்கறதில்ல. எங்க தெருப் புள்ளைங்களுக்கு வருஷா வருஷம் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கறதால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல கேட்டுக்க வேண்டிய கேள்வி, நீ ஆசப்படற படிப்ப அப்புறமா படிக்க முடியுமா முடியாதா? பி.ஏ., பி.காம். மாதிரி டிகிரிய வேலைக்குப் போயிட்டே தபால் வழில, இக்னோங்கற மத்திய அரசு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துலயோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துலயோ முடிச்சுக்கலாம், பிளஸ் டூக்கு அப்புறம் மூணு வருஷம் முறையா படிச்ச டிகிரின்னா அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வு எழுதவும் செல்லும். ஆனா இன்ஜினியரிங், நர்சிங், சட்டம் இதெல்லாம் தபால்ல படிக்க முடியாது, நேர்ல போய்த்தான் ஆகணும். ரெண்டு வருஷம் சம்பளம் வாங்கி வீட்டுச் செலவு அதுல ஓட ஆரம்பிச்சிடுச்சுன்னா, திரும்ப வந்து நாலு வருஷம் உக்காந்து படிக்கறது எவ்ளோ கஷ்டம்னு நான் பாத்திருக்கேன். அதனால இந்தப் படிப்புங்கள்ல ஆச இருந்தா இப்பவே போயிடுங்க, "ஒரு வருஷம் கழிச்சு"ன்னு தள்ளிப் போடாதீங்க.

ரெண்டாவது, காலேஜ் வேண்டாம்னா அதுக்குப் பதிலா என்ன? "வேலைக்குப் போறேன்"ங்கறது பதில் இல்ல. மூணு வருஷம் கழிச்சு உன் கைல என்ன தொழில் இருக்கும், என்ன சர்டிபிகேட் இருக்கும்னு சொல்லத் தெரியணும். செல்போன் கடைல நிக்கற பையனுக்கு இன்னிக்கு கெடைக்கற சம்பளம்தான் மூணு வருஷம் கழிச்சும் பெரும்பாலும். அதே மூணு வருஷத்துல அரசு ஐடிஐல எலக்ட்ரீஷியன் ரெண்டு வருஷம் முடிச்சு (ஃபீஸ் கெடையாது, மாசம் 750 ரூபா உதவித்தொகை வேற), ஒரு வருஷம் அப்ரண்டிஸும் பண்ணிடலாம், அப்புறம் மனசு மாறினா பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாம் வருஷத்துல சேரலாம், அங்க இருந்து பி.இ. ரெண்டாம் வருஷத்துக்கும் போலாம். ஐடிஐன்னா மட்டமா பாக்கறவங்க இதையெல்லாம் யோசிக்கறதே இல்ல. கம்ப்யூட்டர்ல நெஜமா பிடிப்பு இருந்தா ஸோஹோ ஸ்கூல்ஸ் மாதிரி எடங்கள்ல டிகிரி இல்லாம மாசாமாசம் பணமும் குடுத்து சொல்லித்தர்றாங்க, ஆனா தேர்வு வெச்சுத்தான் எடுப்பாங்க, அத மட்டும் நம்பி வேற எதுக்கும் அப்ளை பண்ணாம இருக்காதீங்க. குரூப் 4க்கு பத்தாவது போதும், அத எந்தப் படிப்பு படிச்சுக்கிட்டும் எழுதலாம், அதுக்காக வீட்ல சும்மா உக்கார வேண்டியதில்ல.

இப்போ பணம். போன வருஷம் பக்கத்து வீட்டுத் தம்பியும் அவங்க அம்மாவும் திண்ணைல உக்காந்திருந்தாங்க, பழைய கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல நாங்க எழுதிப் பாத்தோம். வருஷம் ஒரு லட்சம் வீதம் நாலு வருஷத்துக்கு நாலு லட்சம் கல்விக்கடன், வட்டி 10 சதவீதம்னு வெச்சுக்கிட்டோம். படிக்கற நாலு வருஷமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் கட்ட வேண்டாம்தான், ஆனா வட்டி ஏறிக்கிட்டே இருக்கும், கட்ட ஆரம்பிக்கும்போது கடன் சுமாரா 5 லட்சத்து 40 ஆயிரம். ஏழு வருஷத்துல அடைக்கணும்னா மாசம் 9,000 கிட்ட. மொத வேலைல 18,000 சம்பளம்னு வெச்சா சென்னைல ஹாஸ்டல், சாப்பாடு போக என்ன மிஞ்சும்? அந்தம்மா நோட்டையே பாத்துட்டு இருந்தாங்க, ரொம்ப நேரம் பேசல. உங்க வீட்லயும் இந்தக் கணக்க பேப்பர்ல எழுதுங்க, வாயால பேசினா எல்லாம் சமாளிச்சுடலாம் போலத்தான் தெரியும்.

ஆனா அந்தக் கடனே தேவையில்லாம இருக்கலாம். ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுல இன்ஜினியரிங் சீட்டு கெடச்சா ஃபீஸ அரசாங்கமே கட்டுது. வீட்ல யாரும் டிகிரி முடிக்கலன்னா ஃபீஸ்ல முதல் பட்டதாரி சலுகை. ரெண்டுமே அரசாங்கம் மார்க் வரிசைப்படி சீட்டு குடுக்கற கவுன்சிலிங்ல போனாத்தான். ஏஜெண்ட் வீட்டுக்கு வந்து "கவுன்சிலிங்கெல்லாம் எதுக்குங்க, நான் சீட்டு வாங்கித் தர்றேன்"னு மேனேஜ்மெண்ட் கோட்டால சேத்துவிட்டா, கெடைக்க வேண்டியது அத்தனையும் போச்சு. இத நெனச்சா எனக்கு வயிறு எரியுது, ஏன்னா ஏமாறுறது பெரும்பாலும் மொத தலைமுறையா படிக்க வர்ற வீடுங்கதான்.

காலேஜ் பாக்கப் போறதுன்னா அவங்க அனுப்பற வேன்ல போகாதீங்க, காலேஜ் நடக்கற நாள்ல பஸ்ல போங்க. நான் ஒரு காலேஜ்ல லேபை எட்டிப் பாத்தேன், லேத் மெஷின் மேல போட்ட பிளாஸ்டிக் கவர்ல விரல் வெச்சா தடம் பதியற அளவுக்கு தூசி. வெளில டீக்கடைல மூணாம் வருஷப் பசங்ககிட்ட "போன வருஷம் கேம்பஸ்ல யாருக்கு வேல கெடச்சுது, என்ன சம்பளம்"னு கேட்டேன், பசங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அந்த மாதிரி எடத்துல நாலு லட்சம் கொட்டறதுக்கு பக்கத்துல இருக்கற அரசு கலைக்கல்லூரி எவ்வளவோ மேல், வருஷத்துக்கு சில ஆயிரத்துல முடிஞ்சிடும்.

பொண்ணுங்களுக்கு மட்டும் நான் தனியா ஒண்ணு சொல்வேன். பையன் ஒரு வருஷம் வீட்ல இருந்தா "வேல தேடறான்"னு சொல்லுவாங்க, பொண்ணு ஒரு வருஷம் இருந்தா ஜாதகத்த வெளில எடுத்துடுவாங்க. அதனால குழப்பமா இருந்தாலும் பக்கத்துல கெடைக்கற அரசு காலேஜ்லயோ ஐடிஐலயோ சேந்துட்டு உள்ள இருந்துக்கிட்டே யோசிம்மா. அரசுப் பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண் திட்டத்துல 2022ல இருந்து மாசம் 1,000 ரூபா பேங்க்ல விழுது, பசங்களுக்கும் 2024ல இருந்து தமிழ்ப் புதல்வன்னு அதே தொக. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் வீட்ல கை நீட்ட வேண்டாம், அதுவே வீட்ல பேச ஒரு தெம்பு.

ஒரு பாடத்துல ஃபெயில் ஆயிருந்தா துணைத்தேர்வு எழுதுங்க, அதுக்குள்ள எதையும் முடிவு பண்ண வேண்டாம்.

கடைசியா, எங்க சேந்தாலும் ஒரிஜினல் மார்க் ஷீட்ட சரிபாக்கக் காட்டிட்டு கையோட திருப்பி வாங்கிக்கங்க. காலேஜ் ஒரிஜினல வெச்சுக்கக் கூடாதுன்னு பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018லயே சொல்லியிருக்கு. என் சித்தி பையன் ஒரு காலேஜ்ல குடுத்துட்டு, பிடிக்காம வெளில வந்தப்ப மீதி வருஷத்து ஃபீஸக் கட்டுன்னு சொல்லி தரமாட்டேன்னுட்டாங்க, நாலு மாசம் அலஞ்சான். டிசி, மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாத்தயும் பத்து காப்பி ஜெராக்ஸ் போட்டு, ஸ்கேன் பண்ணி அம்மா போன்லயும் ஒண்ணு வெச்சுடுங்க. வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரி சான்றிதழும் இ-சேவைல இப்பவே போட்டுடுங்க, ஜூன் மாசம் அங்க கூட்டம் தாங்காது.