காமிக்ஸ் ஒரிஜினல் பக்கம்: பார்த்து வாங்கி, மடங்காமல் வீடு சேர்ப்பது எப்படி?

காமிக்ஸ் விழாவில் ஒரு ஒரிஜினல் பக்கத்தை, அதாவது அச்சுக்குப் போவதற்காக ஓவியர் கையால் வரைந்த பக்கத்தை, வாங்குவது பெரிய வேலையில்லை. அதை மடங்காமல், நனையாமல், மூலை நசுங்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் பணத்தைக் கொடுத்து பக்கத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் அதை எதில் வைப்பது என்ற யோசனையே வருகிறது. அதனால் இந்த விளக்கம் விழாவுக்குக் கிளம்புவதற்கு முன்னாலிருந்தே ஆரம்பிக்கிறது.

படி 1: முதலில் பையைத் தயார் செய்யுங்கள்

1960களின் கடைசியிலிருந்து அமெரிக்க காமிக்ஸ் பக்கங்கள் பெரும்பாலும் 11-க்கு 17 அங்குல பிரிஸ்டல் போர்டு என்னும் கெட்டியான வரைதாளில்தான் வரையப்படுகின்றன. அதற்கு முந்தைய பக்கங்கள் இதைவிடப் பெரியவை. ஜப்பானிய காமிக்ஸான மாங்காவுக்கு பி4 அளவு தாள், அதாவது 25.7-க்கு 36.4 செ.மீ. ஐரோப்பிய ஓவியர்களுக்கு ஒரே அளவு என்று எதுவும் கிடையாது, அவரவர் இஷ்டம். எனவே 11-க்கு 17 கொள்ளும் பிளாஸ்டிக் உறைகள் தைத்த போர்ட்ஃபோலியோ ஒன்று வாங்கிக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கூடவே அதைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டிய இரண்டு கெட்டி அட்டைகள், பிசின் தங்காமல் உரிந்து வரும் பெயின்டர் டேப், ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர்.

உறை வாங்கும்போது பிவிசி வேண்டாம். நாளாக ஆக அது கசிந்து தாளில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர், பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் மூன்றும் நல்லவை.

படி 2: கையால் வரைந்தது எது என்று கேளுங்கள்

புதிதாக வருபவர்கள் பலர் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம், இதற்காக எந்த ஓவியரும் கோபித்துக்கொள்ள மாட்டார். இப்போது நிறையப் பேர் முழுக்க முழுக்க டேப்லெட்டில் வரைகிறார்கள். அப்படிப்பட்ட கதைக்கு ஒரிஜினல் பக்கம் என்று ஒன்று கிடையாது, மேசையில் இருப்பது எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரிண்ட்தான். இன்னொரு வகையில் பென்சில் ஓவியரும் இங்க் போடுபவரும் வேறு வேறு ஊர்களில் இருப்பார்கள். பென்சில் ஓவியத்தை ஸ்கேன் செய்து அனுப்ப, இங்கர் அதை வெளிர் நீலத்தில் அச்செடுத்து அதன்மேல் மை பூசுவார். அந்தப் போர்டில் மை மட்டும்தான் கையால் போட்டது. பென்சில் பக்கம் தனியாக வேறொரு இடத்தில் இருக்கும். தெரிந்து வாங்கினால் இதில் தவறே இல்லை, விலையும் அதற்கேற்ப இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கையால் பூசிய கறுப்பு ஒரே சீராக இருக்காது, தூரிகை போன தடம் தெரியும். அழித்த பென்சில் கோடுகள், வெள்ளை மையில் செய்த திருத்தங்கள், ஓரத்தில் கிறுக்கிய குறிப்புகள், இதழ் எண், பக்க எண் எல்லாம் நல்ல அறிகுறிகள். எனக்குப் பக்கத்தைவிட அந்த ஓரக் குறிப்புகள்தான் சில நேரம் அதிகம் பிடிக்கும். அச்சான இதழின் படத்தைப் போனில் எடுத்து, கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே ஓவியர் பின்னாளில் தன் பழைய அட்டைப்படத்தையே மறுபடி வரைந்து விற்பதும் உண்டு. அது அச்சுக்குப் போன பக்கம் அல்ல.

பேச்சு பலூன்கள் இல்லையே என்று பயப்பட வேண்டாம். எழுத்து கணினிக்கு மாறிய பிறகு வந்த பக்கங்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். பழைய பக்கங்களில் ஒட்டிய பலூன்கள் பசை காய்ந்து உதிரும். உதிர்ந்ததை நீங்களே ஒட்டாமல் அதே உறையில் போட்டு வையுங்கள்.

படி 3: விலை

அட்டைப்படம்தான் பொதுவாக அதிகம், அப்புறம் பக்கம் முழுக்க ஒரே படமாக வரும் ஸ்ப்ளாஷ், அப்புறம் நாயகன் முழு உடையில் வரும் பக்கம். நான்கு பேர் உட்கார்ந்து பேசும் பக்கம்தான் மலிவு. ஆரம்பிப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன், கதை சொல்லும் திறமை அங்கேதான் தெரிகிறது. மிகப் பழைய பக்கங்களின் விலைக்கு இன்னொரு காரணம் உண்டு: அந்தக் காலத்தில் பதிப்பகங்கள் பக்கங்களை ஓவியர்களிடம் திருப்பித் தரவில்லை. மார்வெலின் பல நாயகர்களை உருவாக்கிய ஓவியர் ஜாக் கிர்பிக்கே அந்தப் பதிப்பகம் 1987-இல்தான், அதுவும் ஒரு பகுதியைத்தான் திருப்பிக் கொடுத்தது.

புதிதாக வரைந்து வாங்க வேண்டுமென்றால் முதல் நாள் காலையிலேயே போய்விடுங்கள், பட்டியல் சீக்கிரம் நிரம்பிவிடும். வரைந்து வைத்ததை வாங்குபவர்கள் கடைசி நாள் மதியம் பேசிப் பார்க்கலாம், இரண்டு மூன்று பக்கம் சேர்த்து எடுத்தால் குறைத்துத் தருபவர்கள் உண்டு. தரகரிடம் தாராளமாகப் பேரம் பேசலாம், ஓவியரிடம் கொஞ்சம் மரியாதையோடு ஒருமுறை கேட்டால் போதும்.

ரசீதில் தலைப்பு, இதழ் எண், பக்க எண், ஓவியர் பெயர், "கையால் வரைந்த ஓவியம்" என்ற வரி எல்லாம் இருக்கட்டும். எல்லை தாண்டும்போது சுங்கத்தில் இது உதவும், அச்சுப் பொருளுக்கும் கையால் வரைந்த ஓவியத்துக்கும் அங்கே வேறு வேறு பிரிவு. ஒன்று: பக்கம் உங்களுடையது, பதிப்புரிமை உங்களுடையது அல்ல. அதை அச்சடித்து விற்க முடியாது.

படி 4: மேசையிலேயே கட்டுங்கள்

அப்போதுதான் வரைந்தது என்றால் மை காயும் வரை காத்திருங்கள். வெள்ளை மை தடித்த இடங்களுக்கு இன்னும் நேரம் வேண்டும். வெறும் பென்சில் அல்லது கரி ஓவியத்தை பாலியெஸ்டர் உறையில் நேரடியாகச் செருகாதீர்கள். அந்த பிளாஸ்டிக்கின் நிலைமின்சாரம் தூளை இழுத்துவிடும். மேலே ஒரு அமிலமற்ற வழவழப்பான தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

உறையில் போட்ட பக்கத்தை ஒரு அட்டையில் டேப் போட்டு நிறுத்துங்கள். டேப் உறையின்மேல்தான், தாளில் படவே கூடாது. மேலே இரண்டாவது அட்டை. நெளி அட்டையாக இருந்தால் ஒன்றின் நெளிவு நீளவாக்கிலும் மற்றதன் நெளிவு குறுக்குவாக்கிலும் இருக்கும்படி வையுங்கள், அப்போதுதான் எந்தப் பக்கமும் வளையாது. அட்டை பக்கத்தைவிட எல்லாப் புறமும் 2 அங்குலமாவது நீண்டிருந்தால் எங்காவது இடித்தாலும் மூலை நசுங்காது. பிறகு பிளாஸ்டிக் கவர், மழைக்கு.

குழாயில் சுருட்டுவது பிரிண்ட்டுக்குச் சரி. பிரிஸ்டல் போர்டைச் சுருட்டினால் மடிப்பு விழும், ஒட்டிய துண்டுகள் பெயரும்.

படி 5: பயணம்

விமானத்தில் கையோடுதான். பல நிறுவனங்கள் அனுமதிக்கும் கைப்பெட்டி அளவு சுமார் 56-க்கு 36 செ.மீ., 11-க்கு 17 அங்குலப் பக்கம் 28-க்கு 43 செ.மீ., 2 அங்குலம் நீண்ட அட்டையோடு சேர்த்தால் சுமார் 38-க்கு 53 செ.மீ., அகலம் சற்று மிஞ்சும். ஆனால் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட்டைப் பாருங்கள். மேலே உள்ள பெட்டி அறையில் வைத்தால் எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரோடு நிமிர்த்தி வையுங்கள், யாராவது மேலே பையைத் திணிக்கத்தான் செய்வார்கள். காரில் போனால் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

வீடு வந்ததும் கட்டைப் பிரித்து அட்டைகளைத் தனியாக எடுத்துவிடுங்கள், சாதாரண அட்டையில் அமிலம் உண்டு. மார்க்கர் வண்ணம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால் மார்க்கரில் வண்ணம் தீட்டிய பக்கங்களை போர்ட்ஃபோலியோவிலேயே வைப்பது நல்லது. சட்டம் (ஃபிரேம்) போட்டுத்தான் ஆகவேண்டுமென்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அமிலமற்ற மவுண்ட், கண்ணாடி ஓவியத்தைத் தொடாத இடைவெளி, இந்த மூன்றையும் கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், லேமினேஷன் பேச்சை எடுத்தால் பக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.