ஜப்பானியப் பெண்பேச்சின் வால்கள்: 'வ', 'நொ', 'கஷிர' ஒட்டுவது எப்படி?

தமிழில் 'வாடி' என்றால் கேட்பவர் பெண் என்று தெரிந்துவிடும். ஜப்பானிய மொழியில் வாக்கியத்தின் வாலில் ஒட்டும் இடைச்சொல் காட்டுவதோ பேசுபவரை. நெருங்கியவர்களோடு மரியாதை விகுதி இல்லாமல் பேசும்போதுதான் இவை இயல்பாக வரும்.

படிப்பதற்கு முன் ஒலிப்பு. இங்கே வரும் எகர ஒகரங்கள் குறில்கள். 'த' என்பதை 'பந்தம்' என்ற சொல்லில் வரும் 'த' போல ஒலியுங்கள். 'வ'வுக்குப் பல் உதட்டில் படக் கூடாது.

படி 1: முதலில் 'த'வைக் கவனியுங்கள்

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், இடைச்சொல்லில் அல்ல. பெயர்ச்சொல்லோ, 'கிரெய்' (அழகு) போன்ற சொல்லோ வந்தால் பின்னால் 'ஆகும்' என்பது போன்ற 'த' வரும்: 'அமெ த', மழை. 'அமெ த யொ' (மழைப்பா!) என்று இன்று ஆண், பெண் எல்லோரும் சொல்வார்கள். அந்த 'த'வை விழுங்கி 'அமெ யொ', 'கிரெய் நெ' (அழகா இருக்கு, இல்ல?) என்றால் அது பெண்பேச்சு. ஒன்றைச் சேர்ப்பதால் அல்ல, விடுவதால் பெண்மை தொனிக்கிறது. எனக்கு இந்த மொழியில் மிகப் பிடித்த நுணுக்கம் இது.

'சமுய்' (குளிருது) போன்ற சொற்களுக்கும் வினைச்சொற்களுக்கும் 'த' கிடையாது. ஆகவே 'சமுய் யொ' பொதுப்பேச்சுதான். 'சமுய் த வ' என்பது பிழை. இறந்தகால 'தத்த'வையும் விழுங்க முடியாது: 'அமெ தத்த யொ' எல்லோருக்கும் பொது.

படி 2: 'வ'

இதற்கு முன்னால் 'த' தங்கும்: 'அமெ த வ', 'கிரெய் த வ', 'சமுய் வ'. குரலை மெல்ல மேலே தூக்கினால் தோக்கியோ வழக்கின் பெண்பேச்சு. கீழே இறக்கினால் கதை வேறு. ஒசாகா, கியோத்தோ இருக்கும் கன்சாய் பகுதியில் ஆண்களும் அப்படிச் சொல்வார்கள். அவர்களைப் பெண்போலப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

'யொ', 'நெ' சேர்ந்தால் 'வ' முன்னால் நிற்கும்: 'சமுய் வ யொ', 'சமுய் வ நெ'. 'யொ வ' என்று திருப்ப முடியாது. கேள்வி, கட்டளை, 'பார்ப்போம்' போன்ற அழைப்பு, எதிலும் இது ஒட்டாது. எழுதும்போது இன்னொரு கண்ணி: எழுவாய்க்குப் பின் வரும் 'வ'வை 'ஹ' எழுத்தால் எழுதுவார்கள், வாலில் வரும் இந்த 'வ'வுக்கு 'வ' எழுத்தேதான்.

படி 3: 'நொ'

இங்கே 'த' என்பது 'ந' ஆகிவிடும்: 'அமெ ந நொ'. குரல் ஏறினால் கேள்வி, 'குரு நொ?' (வர்றியா?) என்று யாரும் கேட்கலாம். குரல் இறங்கினால் மென்மையான விளக்கம். பெண்களும் குழந்தைகளும் பேசுவது. ஆண்கள் அந்த இடத்தில் 'ன் த' என்பார்கள்: 'குரு ன் த'. அதே 'நொ'வை அழுத்தி இறக்கி, அம்மா குழந்தையிடம் 'நெரு நொ!' என்றால் 'தூங்கணும், ஆமா!' என்ற கண்டிப்பு.

படி 4: 'கஷிர'

'த'வை விட்டுவிட்டு நேராக ஒட்டுங்கள். 'அமெ கஷிர' என்றால் 'மழையோ என்னவோ'. 'தெரியாது' என்ற பொருளுள்ள வினையிலிருந்து தேய்ந்து வந்த சொல் இது. இன்று பெரும்பாலும் மூத்த பெண்களின் வாயில்தான் கேட்கும். இளையவர்கள் 'அமெ கன' என்கிறார்கள், அதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை.

எப்போது பேசலாம்?

மெய்ஜி காலப் (1868–1912) பள்ளி மாணவிகளிடையே பரவிய பேச்சு இது. 1888-இல் எழுத்தாளர் ஓசாக்கி கோயோ இதைக் கண்டித்தே எழுதினார். பிறகு இதுவே 'நல்ல பெண்ணின் பேச்சு' ஆனது. இன்றைய தோக்கியோ இளம்பெண்கள் ஏறுகுரல் 'வ'வையும் 'கஷிர'வையும் அரிதாகவே சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பு நாவல், வசன எழுத்து, அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் படம்) ஆகியவற்றில் மட்டும் தாராளமாக வரும். அனிமே பார்த்துப் பழகியவர் 'வ யொ' என்று பேசினால் நாடக வசனம் போலிருக்கும். 'மஸ்' என்ற மரியாதை விகுதிமேல் 'வ' ஒட்டினால் பணக்கார வீட்டுச் சீமாட்டி தொனி வந்துவிடும்.

ஆகவே காதுக்கு எல்லாவற்றையும் பழக்குங்கள். வாய்க்கு 'அமெ த நெ', 'சமுய் நெ', 'அமெ கன', கேள்வி 'நொ' நான்கும் முதல் சில மாதங்களுக்குப் போதும்.