பெட்டிசத்தில் கையெழுத்து வாங்கினால் அது கூட்டு வழக்கு ஆகிவிடாது

சட்டக் கல்லூரி முடித்து மட்டக்களப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் இப்போது காணி வழக்கு, விவாகரத்து வழக்கு இரண்டையும் தாண்டி யோசிக்கிறார்கள். பாவனையாளருக்காக வழக்காட வேண்டும், கம்பனிகள் கூடிப் பேசி விலை வைப்பதைக் கேள்வி கேட்க வேண்டும் என்று என்னிடம் வருகிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. இங்கேயும் அம்பாறையிலும் அந்த வேலைக்கு ஆட்கள் போதாது. ஆனால் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்யப் போகிறார்களோ என்ற கவலையும் கூடவே வருகிறது.

பேச்சைத் தொடங்கும்போதே ஒரு பிழை தெரிந்துவிடும். வேறு நாட்டுச் சட்டம் இங்கேயும் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுவார்கள். தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கட்சிக்காரரிடம் “நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவோம்” என்கிறார்கள். நமக்கு அப்படித் தனி நீதிமன்றம் கிடையாது. இந்தியாவில் அதற்கு 1986 இலும் பிறகு 2019 இலும் சட்டம் வந்தது. இங்கே நம் கையில் இருப்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். முறைப்பாடு முதலில் அதிகார சபைக்குப் போகும். குற்றம் என்றால் நீதவான் நீதிமன்றம்.

அமெரிக்க வழக்குகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இன்னும் தூரம் போய்விடுகிறார்கள். அங்கே கம்பனிகள் கூடிப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்க 1890 இன் ஷெர்மன் சட்டம் இருக்கிறது. 1914 இன் கிளேட்டன் சட்டப்படி நட்டத்தின் மூன்று மடங்கைக் கேட்கலாம். கூட்டு வழக்குக்கென்று, அதாவது ஒரே பாதிப்புள்ள பலருக்காகச் சிலர் போடும் ஒரே வழக்குக்கென்று, குடியியல் நடவடிக்கை விதிகளில் 23 ஆம் விதி இருக்கிறது. விலகிக்கொள்கிறேன் என்று சொல்லாத எல்லோரும் வழக்குக்குள் வந்துவிடுவார்கள். வென்றால் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கை நீதிமன்றம் பார்த்துச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும். அந்தப் பங்கை நம்பித்தான் அங்குள்ள சட்ட நிறுவனங்கள் வருடக் கணக்காகச் சொந்தச் செலவில் வழக்கைச் சுமக்கின்றன. அந்த ஏற்பாட்டை நம்பி இங்கே இறங்கினால் இரண்டாம் வருடம் வாடகை கட்ட முடியாமல் நிற்க வேண்டிவரும். நம் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16 ஆம் பிரிவில் இதற்குக் கிட்டத்தட்டச் சமமான ஒன்று இருக்கிறது. பலருக்கு ஒரே அக்கறை இருந்தால், நீதிமன்றத்தின் அனுமதியோடு ஒருவர் எல்லோருக்குமாக வழக்காடலாம். ஆனால் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். நேரில் கொடுத்தாலும் விளம்பரம் போட்டாலும் அந்தச் செலவு, அனுமதி கேட்டவருடையது. அந்தக் காசு எங்கேயிருந்து வரும் என்பதை முதல் நாளே பேசிவிட வேண்டும்.

சரி, எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். வெல்லாவெளிப் பக்கம் ஒரே கடையில் ஒரே வகை நீர்ப்பம்பி வாங்கிய விவசாயிகள் வந்தார்கள். எல்லாப் பம்பியிலும் ஒரே பழுது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் இறைக்க வாங்கியது, பயிர் குடலைக்கு வரும் நேரம் நின்றுவிட்டது. நான் உற்சாகமாகப் பெட்டிசம் எழுதினேன். நாற்பத்தொரு கையெழுத்து. அதைப் பார்த்து வழக்குப் பாதி வென்றாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். பற்றுச்சீட்டுகளைக் கேட்டதே அதற்கு அப்புறம்தான்.

ஒரு அம்மா பால்மா டின்னைத் திறந்து, “துண்டு பத்திரமா இரிக்கு மகன்” என்று எடுத்துத் தந்தார். நாலாக மடித்து, பொலித்தீனில் சுற்றி, நூல் கட்டி வைத்திருந்தார். விரித்துப் பார்த்தால் வெள்ளைக் காகிதம். கடைகளில் இப்போது மெஷினில் அடித்துத் தருகிற துண்டு சூட்டில் அச்சாகிற காகிதம். நம் வெயிலுக்குச் சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும். அந்த அம்மா அதை ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்தொரு பேரில் ஆறு பேரிடம்தான் துண்டு இருந்தது. அதில் நாலு வெறும் காகிதம்.

இன்னொன்றும் தவறிப்போயிருந்தது. உத்தரவாதப்படி இல்லாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை, வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2003 இன் பாவனையாளர் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. அவர்கள் வாங்கியது மே மாதம், என்னிடம் வந்தது ஆகஸ்ட் தொடக்கம். ஆட்களைச் சேர்க்கிறேன் என்று நான் ஊர் ஊராக அலைந்த மூன்று வாரத்தில் பலருடைய காலம் முடிந்துவிட்டது. வந்த அன்றே கையில் துண்டு இருந்த இரண்டு பேருக்காவது முறைப்பாட்டை அனுப்பியிருக்க வேண்டும். மற்றவர்களை அதன்பின் சேர்த்திருக்கலாம். இடையில் கடைக்காரர் சத்தம் போட்டுப் பேசிய மூன்று பேரைக் கூப்பிட்டுப் புதுப் பம்பி கொடுத்துவிட்டார். அவர்களில் ஒருவர்தான் எல்லோர் சார்பிலும் நிற்பதாக இருந்தவர். அமெரிக்காவில் கூட்டு வழக்காக ஏற்றுக்கொண்ட ஒன்றைச் சமரசமாக முடிக்க நீதிமன்றத்தின் அங்கீகாரம் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு பெட்டிசம் மட்டும்தான்.

இப்போது யார் வந்தாலும் கதையைக் கேட்க முன்னமே துண்டை வாங்கிப் படம் எடுத்து, போட்டோக் கொப்பி அடித்து, திகதியைக் குறித்துக்கொள்கிறேன். துண்டு இல்லாதவரிடம் எப்போது, யார் முன்னிலையில், எவ்வளவு கொடுத்து வாங்கினார் என்று அன்றே சத்தியக்கடதாசி எடுக்கிறேன். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது விற்பவரின் கடமை என்பதையும் சொல்லி அனுப்புகிறேன்.

விலைக் கூட்டு விஷயத்தில் நடக்கும் பிழை வேறு வகை. அறுவடை நாட்களில் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் நெல் வாங்க வருகிற எல்லோரும் ஒரே விலை சொல்வார்கள். உடனே நம் பிள்ளைகள் “சேர், இது கூட்டுச் சதி” என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஒரே விலை என்பது மட்டும் சாட்சி ஆகாது. ஒரே கிழமையில் எல்லா வயலிலும் அறுவடை, ஈர நெல், காயப்போட இடமில்லை, பசளைக்கு வாங்கிய கடன் கழுத்தில். இந்த நிலையில் ஒரு வியாபாரி சொன்ன விலை ஐந்து நிமிடத்தில் ஃபோனில் அடுத்தவருக்குத் தெரிந்துவிடும். யாரும் யாரோடும் பேசாமலேயே விலை ஒன்றாகிவிடலாம்.

தேட வேண்டியது வேறு. இந்த வட்டை (வயல்வெளி) உனக்கு, அந்த வட்டை எனக்கு என்று பிரித்திருக்கிறார்களா? கூட விலை கொடுத்த ஒரு வியாபாரி திடீரென்று ஏன் வருவதை நிறுத்தினார்? லொறி வாடகையும் அரிசி விலையும் மாறியபோதும் நெல் விலை ஏன் அசையவில்லை? ஒவ்வொரு நாளும் விலை, ஈரப்பதம், கழிவு என்று எவ்வளவு வெட்டினார்கள் என்பதை எழுதி வைக்கும் நாலு விவசாயிகளின் கொப்பி நூறு கையெழுத்தை விடப் பெறுமதியானது. அதே பாவனையாளர் சட்டத்தின் 35 ஆம் பிரிவு பொருளை விற்பதில் மட்டுமல்ல, கொள்வனவு செய்வதில் போட்டியைக் கெடுப்பதையும் சேர்த்தே சொல்கிறது. நெல் வாங்குகிறவர்களின் கூட்டையும் அதற்குள் கொண்டுவரலாம். பலர் இதைக் கவனிப்பதில்லை, விற்பனை விலையை மட்டுமே பார்க்கிறார்கள். விசாரிக்கும் அதிகாரம் அதிகார சபையிடம் இருக்கிறது. அவர்கள் விசாரிக்காமல் விட முடியாத அளவுக்குத் தெளிவாக முறைப்பாட்டை எழுதுவதுதான் இந்த இடத்தில் சட்டத்தரணியின் திறமை.

ஒரு ஆலை மிகப் பெரிதாகிவிட்டது, இன்னொன்றை வாங்கிவிட்டது என்று மட்டும் எழுதினால் அந்தக் கடிதம் எங்கும் போகாது. 1987 இன் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தில் ஏகபோகத்துக்கும் நிறுவன இணைப்புக்கும் ஏற்பாடு இருந்தது. 2003 இன் பாவனையாளர் சட்டம் அதன் இடத்துக்கு வந்தபோது அது விடுபட்டுப்போனது. இதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியவர்களும் நாம்தான். அதேபோல், உச்ச விலைக்கு மேல் விற்பது தனிக் குற்றம். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்குக் கிலோ 230 ரூபாய் என்று வர்த்தமானி வந்தபோது அதற்கு மேல் விற்றவரைப் பிடிக்கக் கூட்டுச் சதியை நிரூபிக்கத் தேவையிருக்கவில்லை. சுலபமான வழக்கைக் கடினமாக்கிக்கொள்ள வேண்டாம்.

கதவு மாறித் தட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. லீசிங், நுண்கடன் பிரச்சினைக்கு மத்திய வங்கி, மின்சாரத்துக்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு, தொலைபேசிக்குத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு. அரச நிறுவனத்தின் அலட்சியத்தால் பலர் பாதிக்கப்பட்டால் அடிப்படை உரிமை மனு ஒரு பலமான வழி. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய்க் கழிவு நிலத்தடி நீரில் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கச் சொன்னது அந்த வழியில்தான். ஆனால் அதற்குக் காலம் ஒரே மாதம். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஆளையும் ஆவணத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்கிற நாட்களும் அந்த மாதத்துக்குள்தான் வரும்.

கடைசியாக வயிற்றுப்பாடு. இந்த வழக்குகளை மட்டும் நம்பி முதல் ஐந்து வருடம் வாழ முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் காணி வழக்குப் பேசுங்கள், உறுதி எழுதுங்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் கிழமையில் ஒரு நாளை பாவனையாளருக்கென்று ஒதுக்குங்கள். என்னுடைய நாள் சனிக்கிழமை. அந்த வெல்லாவெளி அம்மா போன மாதம் ஒரு சனிக்கிழமை திரும்ப வந்தார். இந்த முறை அரிசி மாவு மெஷின். துண்டோடு இரண்டு போட்டோக் கொப்பியும் கொண்டுவந்திருந்தார். வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.